இயற்கை மாத்திரையா, செயற்கை மாத்திரையா?

கொஞ்சம் நீளமான பதிவு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நம் வட்டத்தில் நிறையப் பேர் இருப்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

நான் 16 வருடமாகத் தினமும் காலையில் லெவோதைராக்ஸின் மாத்திரை போடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகளுக்கும் அதே குறைபாடு, அதே மாத்திரை. "சித்தி, மாத்திரை போட்டும் சோர்வு போகல. இங்க இயற்கை தைராய்டு மாத்திரை கிடைக்குது. அதுக்கு மாறிடலாமா?" என்று போன வாரம் கேட்டாள். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறாள். அதனால் பட்டென்று பதில் சொல்லாமல், படித்துப் பார்த்து, என் மருத்துவரிடமும் கேட்ட பிறகே பேசினேன்.

இயற்கை மாத்திரை என்றதும் மூலிகை என்று நினைத்துவிட வேண்டாம். பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்வது அது. சைவக்காரர்களும், மத வழக்கப்படி பன்றியைத் தவிர்ப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விலங்குச் சுரப்பி வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் செம்மறி ஆட்டின் தைராய்டு சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்தச் சிகிச்சையால் அந்த அம்மா மேலும் 28 வருடம் வாழ்ந்தார். பிறகு 1914இல் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டன், பார்கர் இருவரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். நம் கழுத்துச் சுரப்பியில் ஊறும் டி4 ஹார்மோனும் இந்த மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள்தான். தயாராகும் இடம் மட்டும்தான் வேறு.

நிஜமான வித்தியாசம் விகிதத்தில் இருக்கிறது. என்னிடம் விகிதக் கணக்கு படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மனிதச் சுரப்பி சுமார் 14 பங்கு டி4க்கு 1 பங்கு டி3 சுரக்கிறது. பன்றிச் சுரப்பியில் அது ஏறக்குறைய 4க்கு 1. அதாவது பன்றிக்கு இயற்கையான அளவு நமக்கு இயற்கையான அளவு அல்ல. டி3 வேகமானது. விழுங்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிப் பின் இறங்கிவிடும். சிலருக்குப் படபடப்பு வரும். டி4 நிதானமானது. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். உடம்பு தனக்கு வேண்டிய டி3யை அதிலிருந்தே செய்துகொள்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 70 பேருக்கு எது எந்த மாத்திரை என்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பன்றிச் சுரப்பி மாத்திரையே பிடித்திருந்தது என்றார்கள். ஆனால் அறிகுறிகளை அளந்து பார்த்தபோது மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் "அது எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று சொல்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

என் அக்கா மகளின் நிலைமை வேறு. கருவில் வளரும் குழந்தையின் மூளைக்கு ஆரம்ப மாதங்களில் தாயின் டி4தான் ஆதாரம். அதனால்தான் கர்ப்ப காலத்தில் லெவோதைராக்ஸின் மட்டுமே போதும், டி3 கலந்த மாத்திரை வேண்டாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கமே சொல்கிறது. இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்தச் சோர்வுக்கு என்ன சித்தி பண்றது?" என்றாள். நியாயமான கேள்விதானே!

மாத்திரையை எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். காலையில் காபியோடு, கூடவே கால்சியம் மாத்திரையும் என்றாள். காபி, கால்சியம், இரும்புச்சத்து மூன்றுமே இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இப்படி 6 வாரம் போட்டுவிட்டு டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொன்னேன். சோர்வுக்கு ரத்தசோகையும் பி12 குறைவும்கூடக் காரணமாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் கேள் என்றேன். சம்மதித்திருக்கிறாள்.

பிள்ளைகளே, மாத்திரையைப் பேர் பார்த்து மாற்றாதீர்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் பிள்ளைகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கரு உண்டானால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்