வெயிலுக்குக் காசு கொடுத்த கதை

"சென்னைல இல்லாத வெயிலாங்க அங்க இருக்கு?"

மே மாத மத்தியானம். கரண்ட் போய் அரை மணி நேரமாகிறது. ஒரு கையில் விசிறி, மடியில் ஐரோப்பா மேப் சகிதம் 'வெயில் நன்றாக அடிக்கும் ஊர்' தேடிக்கொண்டிருந்தால் எந்த மனைவியும் இப்படித்தான் கேட்பாள்.

விஷயம் இதுதான். அவள் போட்டிருந்த சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்திருந்தது. நாற்பது மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் ஊட்டி. அதுவும் மச்சினன் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போன சாக்கில்! திடீரென்று ஒரு நாள், "ஐரோப்பா போகலாம்" என்றாள். "ஏழு நாள்ல ஏழு நாடு காட்டி, பஸ்லயே தயிர்சாதம் போடற டூர் வேணாம். ஒரே ஊர். கடலோரம். சும்மா உக்காரணும்."

ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். அம்மணிக்குக் குளிர் ஆகாது (ஊட்டியில் மூன்று நாளும் கம்பளிக்குள் இருந்து முகத்தை மட்டும் காட்டினாள்), ஆகவே வெயில் அவசியம். தப்பான ஊராகப் போனால் நாற்பது மாதச் சீட்டும் போச்சு, அடுத்த நாற்பது வருஷத்துக்கு எனக்குப் பாட்டும் ஆச்சு.

நான் பி.காம். எதைக் கொடுத்தாலும் நடுவில் கோடு போட்டுப் பற்று, வரவு எழுதிவிடுவேன். எழுதினேன்.

முதலில் ஸ்பெயினில் உள்ள பெனிடார்ம். 1950 வாக்கில் மீன் பிடிக்கிற ஊர். பெட்ரோ சராகோசா என்று ஒரு மேயர் வந்தார். 1956ல் ஊருக்கு மாஸ்டர் பிளான் போட்டார். இன்றைக்குக் கடற்கரையை ஒட்டி வானத்தைக் குத்தும் கட்டடங்கள்; 2002ல் திறந்த பாலி ஓட்டல் மட்டும் 186 மீட்டர். இந்த மேயர், சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் கெடுபிடிக் காலத்திலேயே ஊரில் பிகினிக்கு அனுமதி கொடுத்தவர். சர்ச் கோபித்துக்கொள்ள, மனுஷர் வெஸ்பா ஸ்கூட்டரை உதைத்து, நானூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்ரிட் வரை ஓட்டிப் போய், ஃப்ராங்கோவையே பார்த்துப் பேசிவிட்டு வந்தார் என்று சொல்கிறார்கள். (வாசக இளைஞர்கள் இந்த இடத்தில் மானசீகமாக எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காருங்கள்.)

மணல் அருமை, விலையும் கட்டுப்படி. வரவுப் பக்கம் பலம்தான். ஆனால் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்காரர்கள் போய்ப் போய், அவர்களுக்காகவே பப்பும், காலையில் முட்டை, பீன்ஸ் டிபனும் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. ஸ்பெயினுக்கு டிக்கெட் எடுத்து இங்கிலாந்தைப் பார்ப்பானேன்?

அடுத்தது இத்தாலியின் ரிமினி. 1843லேயே கடல் குளியலுக்கு ஏற்பாடு செய்த ஊர். டைரக்டர் ஃபெலினி பிறந்த ஊர். அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குக் கட்டிய வளைவு இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது. கடற்கரை மட்டும் சுமார் 15 கிலோமீட்டர், எல்லாம் பொடி மணல். ஆனால் அந்த மணலைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டு, குடையும் சாய்வு நாற்காலியும் வரிசை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். 'அறுபத்திரண்டாம் நம்பர், நாலாவது வரிசை' என்று போய்ப் படுக்க வேண்டும். கல்யாண மண்டபப் பந்தி மாதிரி. அதையும் பொறுத்துக்கொள்வேன்; ஆனால் ரிமினி கோடைக்காக இருக்கிற ஊர். ஜூன் பிறந்தால்தான் களை கட்டும். மே ஆரம்பத்தில் பல ஓட்டல்கள் ஷட்டரைக் கூடத் தூக்கியிருக்காது. என் மனைவி ஸ்கூல் டீச்சர். அவளுக்கு லீவு மேயில். ஜூனில் அவள் வருகைப் பதிவேட்டில் இருப்பாள்.

இங்கேதான் எனக்கு ஞானோதயம். ஊரைப் பிடித்துவிட்டு மாசம் பார்க்கக்கூடாது ஸார்! மாசத்தை வைத்துக்கொண்டு ஊர் பார்க்க வேண்டும். டூரிஸ்ட் இல்லாதபோது அந்த ஊர் என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். பூட்டிக்கொண்டு போய்விடுமா, இல்லை, காய்கறி வாங்கி, குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பி, தன் பிழைப்பைப் பார்க்குமா?

அப்படிக் கேட்டதில் மேலே வந்தது ஃபிரான்சின் நீஸ். மூன்று லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வசிக்கும் நிஜமான நகரம். வருஷத்துக்குச் சுமார் 2,700 மணி நேரம் வெயில். இன்னொரு வேடிக்கை, ஆதியில் அது கோடைக்கான ஊரே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் குளிருக்குப் பயந்து நவம்பரில் வந்து வசந்தத்தில் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் ஓட்டலையே மூடிவிடுவார்களாம்! ரஷ்ய எழுத்தாளர் செகாவ் க்ஷயரோகத்தோடு 1897ல் வந்து அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கே தங்கினார். விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை வருஷா வருஷம் வந்து மேட்டுப்பகுதியான சிமியேயில் தங்கினார். 1897ல் கூட வந்தவர் நம்ம ஆக்ரா முன்ஷி அப்துல் கரீம். 'அவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம்' என்று அரண்மனைப் பரிவாரமே முறைத்தது. மகாராணி மசியவில்லை. ஆக நீஸுக்கு டூர் போன இந்தியர்களில் நான் ரொம்ப லேட்.

பற்றுப் பக்கம்? விலை. கடல் தெரியும் ரூமின் வாடகையைப் பார்த்ததும் மேப்பை மூடிவிட்டேன். பிறகு திறந்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் ரூம் போட்டேன். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது? கால் மணி நடந்தால் வரும்.

விசா பற்றி ஒரு வார்த்தை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் மனுப் போட வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவ இன்ஷூரன்ஸ் வேறு. மனைவிக்கு ஸ்கூலில் லீவு லெட்டர் கொடுத்துவிட்டார்கள். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனான எனக்கு லீவு ஸாங்ஷன் செய்ய வேண்டிய முதலாளியும் நான்தான், கெஞ்ச வேண்டிய குமாஸ்தாவும் நான்தான். மூன்று வருஷ வருமான வரிக் கணக்கை வைத்து எப்படியோ ஒப்பேற்றினேன்.

அடுத்த மே முதல் வாரம். நீஸ். பெட்டியை ரூமில் போட்டுவிட்டு நேரே கடற்கரை.

நீல நிறம் என்றால் அப்படியொரு நீலம்! ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ப்ராமனாட் தேஸாங்லே என்ற நடைபாதை; 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1820களில் லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பணம் திரட்டி, வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்துப் போட ஆரம்பித்த பாதை. செருப்பைக் கழற்றிவிட்டு ஆசையாக இறங்கினாள் என் மனைவி.

"அய்யோ!"

மணல் இல்லை. கூழாங்கல். பொங்கல் பானையைத் தூக்கி வைக்கலாம் போல உருண்டை உருண்டையாகக் கல். தத்தித் தத்தித் தண்ணீருக்குப் போய்க் காலை வைத்தவள், வைத்த வேகத்தில் எடுத்தாள். வெயில் சுரீரென்று அடிக்கிறது, தண்ணீரோ ஐஸ். காற்று இருபது டிகிரி, கடல் பதினாறு, பதினேழு. வெயில் மணிக் கணக்கைக் கூட்டிய இந்தக் கணக்கப்பிள்ளை, தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கவே இல்லை! வெயில் வேறு, வெதுவெதுப்பு வேறு என்று எந்த பி.காம். சிலபஸிலும் இல்லை.

"மெரினாவுல மணலாவது இருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். அன்று முழுக்க வேறு பேச்சில்லை. இதற்கு நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் கூர் சலேயா மார்க்கெட். பூ, எலுமிச்சை, ஆலிவ் என்று கலர் கலராகக் கடைகள். ஸோக்கா என்று ஒரு பண்டம். கொண்டைக்கடலை மாவில் ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் கரைத்து, பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். "அடைங்க இது!" என்றாள். ஒரு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. இரண்டாவது தட்டு வாங்கினேன்.

டமார்!

வயிற்றுக்குள் இடித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் உடம்பு சில்லிட்டுவிட்டது. 2016 ஜூலை 14, வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றது இதே கடற்கரைச் சாலையில்தான். சுற்றிப் பார்த்தால் ஒருவரும் ஓடவில்லை. காய்காரர் வாட்ச்சைப் பார்த்தார், அவ்வளவுதான். மணி பன்னிரண்டு!

பின்னாலிருக்கும் கோட்டைக் குன்றிலிருந்து தினம் மத்தியானம் வெடிக்கிறார்களாம். (கோட்டையை 1706ல் பதினாலாம் லூயி இடித்துவிட்டார், பெயர் மட்டும் மிச்சம்.) 1860களில் இங்கே தங்கிய ஒரு ஸ்காட்லாந்து கனவான், அரட்டையடித்துவிட்டு மத்தியானச் சமையலுக்கு லேட்டாக வரும் மனைவிக்கு ஞாபகப்படுத்தத் தொடங்கியது என்பது கதை. ஏப்ரல் முதல் தேதி மட்டும் பதினோரு மணிக்கே வெடித்து ஊரை முட்டாளாக்குவார்களாம். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். கையை மட்டும் விடவில்லை.

மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கமே கடல். 2016ல் செத்தவர்களுக்காக 2022ல் ஒரு தேவதை சிலை வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு, நடைபாதையில் கடலைப் பார்த்து வரிசையாகப் போட்டிருக்கும் நீல நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வாடகை கிடையாது. பக்கத்தில் ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சீட்டு... அப்பாவக் காசிக்குக் கூட்டிட்டுப் போகத்தாங்க போட்டேன்" என்றாள்.

மாமனார் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. சீட்டு அப்போது பெரும்பகுதி ஓடியிருக்கும். மாசா மாசம் அவள் பணம் கட்டியது தெரியும், எதற்கு என்று நான் கேட்டதில்லை. பற்று, வரவு எல்லாம் எழுதுகிறவன் அந்த ஒரு வரியை விட்டிருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கடலைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனில் விசாரித்து, கடலை ஒட்டியே போகும் லோக்கல் ரயிலில் ஏறினோம். ஏழெட்டு நிமிஷத்தில் வில்ஃப்ராஞ்ச். ஸ்டேஷனுக்குக் கீழேயே கடற்கரை. கொஞ்சம் கரகரவென்றிருந்தாலும் மணல்! தண்ணீர் அதே ஐஸ்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, பல் கிட்ட நின்றாள். "போட்டோ எடுங்க, சீக்கிரம்!"

மற்ற நாட்கள் இதே ரயில், இதே நாற்காலி, ஸோக்கா. மொனாகோ போய் வெளியிலிருந்து காஸினோ பார்த்தோம். உள்ளே போகிற அளவுக்குச் சீட்டு எடுக்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரம். சென்னை வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் புதுச் சீட்டு நோட்டு வாங்கி வந்து என் மேஜையில் வைத்தாள்.

"நாப்பது மாசம். முதல்ல காசி. அப்புறம் மிச்சம் இருந்தா, மணல் இருக்கற ஊரா ஒண்ணு பாருங்க."