பின்னால் எத்தனை பேர் உட்காருவாங்க?

கள்ளக்குறிச்சியில் ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், உடனே குனிந்து சக்கரத்தைப் பார்க்கமாட்டார். "பின்னால எத்தனை பேர் உட்காருவாங்க? டிக்கியில என்ன ஏத்துவீங்க? எந்த ரோட்டுல ஓடும்?" என்று கேட்பார். பதில் வரும்வரை கையில் ஸ்பேனர் எடுக்கமாட்டார். "சும்மா நல்லா பண்ணிக் குடுங்க" என்று சொல்லும் ஆளை அப்படியே உட்காரவைத்து விடுவார்.

நாங்கள் கொண்டுபோனது நண்பர் வீட்டு அம்பாசிடர். 1974ஆம் வருடத்து மார்க் 2. அவருடைய அப்பா காலத்து வண்டி. பின்பக்கம் தொய்ந்து, மூன்று பேர் ஏறினாலே டயர் மட்கார்டை உரசும். அதைக் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரைக்கும் ஓட்ட வேண்டும் என்பது நண்பரின் ஆசை. பின் சஸ்பென்ஷனை எப்படி மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். பட்டையைக் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடலாம் என்றார் ஒருவர். பொலிரோ பிக்கப் பட்டை ஒன்றைக் கூடச் சொருகினால் போதும் என்றார் இன்னொருவர். இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டுத்தான் நண்பர் பட்டறைக்கே வந்தார்.

பட்டறை என்றால் தகரக் கூரை, கரி உலை, துருத்திக்குப் பதில் கரண்டு ப்ளோயர், நடுவில் பட்டடைக்கல். சுவர் ஓரம் சாய்த்து வைத்த பட்டைகளைப் பார்த்தாலே ஊரின் பிழைப்பு தெரிந்துவிடும். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு ஏற்றும் லாரி, டிராக்டர் டிரெய்லர்களின் பட்டைதான் பெரும் குவியல். அடுத்தது மலையிலிருந்து மரவள்ளி இறக்கும் பிக்கப்புகள். கார் பட்டை மூலையில் கொஞ்சம். மேஸ்திரியின் தாத்தா வில்வண்டிக்கு வில் அடித்தவர். மாட்டு வண்டியில் தொடங்கிய கை வேலை மூன்றாம் தலைமுறையில் மோட்டாருக்கு வந்து நிற்கிறது.

பின் அச்சின் ஹவுசிங்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்த யு போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைக் கட்டைக் கீழே இறக்கினார்கள். அடுத்த வேலையை மேஸ்திரி பட்டறைப் பையன்களிடம் விடவில்லை. சென்டர் போல்ட்டை அவிழ்க்கும்போது, அதுவரை அழுந்திக் கிடந்த பட்டைகள் விரிந்து எழும். கவனம் தப்பினால் தாடையைப் பெயர்க்கும். பட்டைக் கட்டை வைஸில் கடிக்கவைத்து, நட்டை எடுத்துவிட்டு, வைஸை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார். பட்டைகள் சோம்பல் முறிப்பதுபோல் மெதுவாகப் பிரிந்தன.

பிரித்துப் போட்டதும் துரு செதிள் செதிளாகக் கொட்டியது. அவர் ஒவ்வொரு பட்டையின் விளிம்பையும் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினார். "இது இந்த வண்டிப் பட்டை இல்ல சார். எவனோ ஜீப்பு பட்டையை வெட்டிச் சொருகியிருக்கான்." காலிப்பர் வைத்துப் பார்த்தோம். மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்கு அப்படிப் போவதில்லை. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தால், 6 மில்லிமீட்டர் பட்டையைவிட 7 மில்லிமீட்டர் பட்டை ஏறக்குறைய 1.6 மடங்கு விறைப்பு. அகலத்தைக் கூட்டினால் விறைப்பு நேர் விகிதத்தில்தான் கூடும். நீளத்தைக் குறைத்தால் அதுவும் மும்மடிக் கணக்கில் எகிறும். இன்னொன்றும் உண்டு. ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் மேல்தோலில்தான் இழுவிசை அதிகம். அதனால் பலத்துக்கென்று சொருகிய பட்டையே தன் மேல் அதிகச் சுமையை வாங்கிக்கொண்டு, அது முடியும் இடத்தில் அடுத்த பட்டையையும் நசுக்கும். எங்கள் வண்டியில் அதேதான் நடந்திருந்தது. ஜீப்புப் பட்டையின் நுனி உட்காரும் இடத்தில் மெயின் பட்டையில் மயிரிழை விரிசல். அதை விரித்துக் காட்டினார். விரிசலின் வாய் துருப்பிடித்துக் கறுத்திருந்தது. உள்ளே கொஞ்ச தூரம் மட்டும் வெள்ளி மாதிரிப் புது மினுக்கு. வெகு நாளாக ஒடிந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"இதை வெல்டிங் வச்சிடலாமா?" என்று நண்பர் கேட்டார்.

"பட்டையில வெல்டிங் வைக்கக்கூடாது சார். வெல்டிங் சூட்டுல பக்கத்து இரும்போட டெம்பர் போயிடும். மலையில ஒடிஞ்சா ஹவுசிங்கே பின்னால நகர்ந்திடும்."

பட்டை வண்டியின் அருமை இந்த இடத்தில்தான் புரிகிறது. அம்பாசிடரின் பின் பட்டை எடையை மட்டும் சுமக்கவில்லை. ஹவுசிங்கை முன்பின் நகராமல் பிடிக்கிறது, பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் சுழலப் பார்க்கும் விசையையும் அதுவே தாங்குகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஷாக்கின் வேலையிலும் கொஞ்சம் பங்கெடுக்கிறது. காயில் ஸ்பிரிங்குக்கு எடை தாங்கத்தான் தெரியும். மற்ற வேலைகளுக்கெல்லாம் தனித்தனிக் கம்பிகள் வேண்டும். குறுக்கே பிடிக்க ஒரு தண்டு வேண்டும். அவற்றை எங்கே பற்றவைப்பது? அம்பாசிடருக்கு லாரி போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த உடல் அது. தகரக் கூடே எலும்பு. பட்டையின் இரண்டு முனையும் மாட்டும் இடத்தில்தான் அந்தக் கூட்டைப் பலப்படுத்தியிருக்கிறார்கள். வேறு இடத்தில் சுமையைக் கொண்டுபோய் வைத்தால் சில வருடத்தில் தரைத் தகடு கிழியும்.

காயில் நல்லதில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அதற்கென்று கட்டிய வண்டியில் அதன் சுகமே தனி. 1983இல் வந்த முதல் மாருதி 800இல் பின்னால் பட்டைதான். 1986இல் வந்த புது உடலில் காயிலுக்கு மாறினார்கள், வண்டியையே மாற்றி வடிவமைத்த பிறகு. எதிர்த்திசைக் கதை நம் சென்னை ஓரத்திலேயே நடந்திருக்கிறது. பெருங்களத்தூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. அதில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்கே ஒரே பட்டைக் கட்டு. காகிதத்தில் முன்னேறிய ஏற்பாடு. ஆனால் செய்யச் செலவு அதிகம், நம் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972இல் கெஸல் வந்தபோது, இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் சாதாரண ஒற்றை ஹவுசிங்குக்குத் திரும்பிவிட்டார்கள். பட்டையைப் பழசு என்று தள்ளுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அமெரிக்காவின் கார்வெட் பந்தயப் பெயர் வாங்கிய கார். 1981 முதல் அதன் பின்பக்கத்தில் ஃபைபர் பட்டை இருந்தது. 2019 வரை கார்வெட் பட்டையை விடவில்லை.

சட்டமும் இதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்து 'வி.ஏ.' வரிசை எண் வாங்க 2021இல் விதி வந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. 1974 வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது. இதைச் சொன்னதும் நண்பர் காயில் பேச்சை விட்டுவிட்டார்.

மேஸ்திரி சொன்ன தீர்ப்பு: கம்பெனி கொடுத்த எண்ணிக்கை, கம்பெனி கொடுத்த தடிமன். மெயின் பட்டை புதுசு. ஜீப்புப் பட்டைக்குப் பதில் சரியான அளவுப் பட்டை. மற்றவற்றுக்கு வளைவு ஏற்றி டெம்பர் போடுவது. கூடுதல் பட்டை ஒன்றும் வேண்டாம்.

வளைவு ஏற்ற எளிய வழி, பட்டையைக் குளிரவே வைத்துச் சம்மட்டியால் அங்குலம் அங்குலமாக அடிப்பது. லேசான தொய்வுக்கு அது போதும். மோசமான வழி, கேஸ் வெல்டிங் தீயைக் காட்டி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிடுவது. பார்க்க அழகாக நிற்கும்; கொஞ்ச நாளில் பழையபடி தொங்கும். இவர் உலையில் வைத்தார். பட்டை ஆரஞ்சு கலந்த சிவப்புக்கு வந்ததும் கம்பியில் கட்டிய காந்தத்தை அருகில் காட்டினார்; ஒட்டவில்லை. ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அதற்கும் மேலே கொஞ்சம் ஏறவிட்டு, அச்சில் வைத்து வளைத்து, எண்ணெய்த் தொட்டியில் முக்கினார். புகை கூரையைத் தொட்டது. அப்போது பட்டை கண்ணாடி மாதிரி. கீழே போட்டால் உடையும். மறுபடி மிதமான சூட்டில் வாட்டினால்தான் அது ஸ்பிரிங்காகும். அந்தச் சூடு வந்ததா என்று பார்க்கக் காய்ந்த குச்சியைப் பட்டை மேல் தேய்த்தார். முதலில் புகைந்தது, பிறகு குச்சி நுனியில் பொறி பறந்தது. எடுத்து வெளியே வைத்தார். மீட்டர் கிடையாது. ஒரு குச்சியும், அதைப் பார்த்துப் பழகிய கண்ணும்.

எல்லாம் ஆறிய பிறகு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுவில் மெல்லிய பிறை போல இடைவெளி தெரிய வேண்டும். நுனிகள் மட்டும் தொட வேண்டும். கீழ்ப் பட்டைக்கு மேல்பட்டையைவிடச் சற்று வளைவு அதிகம் இருந்தால்தான் சென்டர் போல்ட் முறுக்கும்போது எல்லாம் ஒன்றாகப் பிடிக்கும். ஒன்றில் இடைவெளி போதவில்லை என்று திரும்ப உலைக்கு அனுப்பினார். இடையில் கிராஃபைட் கிரீஸ் பூசி, கிளிப் மாட்டி, புது புஷ் போட்டு ஏற்றினார்கள். பின்னால் எழும்பிய உயரத்துக்கு ஏற்ப முன்னால் டார்ஷன் பாரைக் கொஞ்சம் முறுக்கினார்கள். இல்லையென்றால் ஹெட்லைட் மண்ணைப் பார்க்கும்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறினோம். நான்கு பேர், டிக்கியில் சாமான். கொண்டை ஊசி வளைவுகளில் பழைய ஆட்டம் இல்லை. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் ஒரு தடவை அழுந்தி எழுந்து நின்றுவிட்டது. கரியாலூரில் டீக்கு நிறுத்தியபோது, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பிக்கப் டிரைவர் எங்கள் வண்டியின் அடியை எட்டிப் பார்த்தார். தன் வண்டியில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டிருப்பதாகச் சொன்னார்.

"மரவள்ளி லோடோட இறங்கும்போது நல்லாத்தான் இருக்கும்ணா. காலி வண்டியா ஏறும்போதுதான் பயம். கல்லு தட்டினா பின்சக்கரம் தரையில நிக்காது, துள்ளும்."

தரையில் நிற்காத சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை, பிரேக்கும் இல்லை. பஸ் வராத நேரத்தில் அந்தக் காலி வண்டியின் பின்னால்தான் மலைக் கிராமத்துப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி வீடு திரும்புகிறார்கள். பட்டையைக் கூட்டாமல் லோடைக் குறைத்து ஓட்ட முடியுமா என்று கேட்டேன். ஒரு நடைக்குக் கிடைக்கும் வாடகையைச் சொன்னார். அதில் டீசல் போகவும் தவணை போகவும் மிஞ்சுவதைச் சொன்னார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. மேஸ்திரியிடம் ஒரு தடவை வண்டியைக் காட்டச் சொன்னேன். லோடு ஏறி அழுந்தினால் மட்டும் வேலை செய்யும் துணைப் பட்டையை மேலே தனியாக வைத்துக் கட்ட முடியும். காலியாகப் போகும்போது அது தொடாது. கேட்டுக்கொண்டார், சீசன் முடிந்ததும் போவதாகச் சொன்னார்.

இறங்கி வந்து பட்டறையில் நிறுத்தினோம். மேஸ்திரி கேட்டது, "டயர் எங்கேயாச்சும் உரசிச்சா? அதிகமாப் பள்ளத்துல விழும்போது கட்டை ரப்பர் அடிச்சுதா?" ரப்பர் ஒரே ஒரு தடவை அடித்தது என்றேன். அது சரியான அளவு என்றார். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்காமல், நான்கு சக்கரமும் தரையில் நிற்க, அடியில் படுத்து ஷேக்கிள் போல்ட்டுகளை இறுக்கினார். தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வண்டியைக் கொண்டுவர வேண்டும், அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்னால் காத்திருந்த கரும்பு டிரெய்லர்காரரிடம் போனார். "எத்தனை டன் ஏத்துவீங்க?"