மலையில் பெயர் எழுதிய தாய்

மதுரை என்றால் மீனாட்சி அம்மன் கோயிலோடு திரும்பிவிடுகிறோம், இல்லையா? இந்த முறை குழந்தைகளோடு கீழக்குயில்குடிக்குப் போய் வந்தோம். நகரத்துக்கு மேற்கே சுமார் 12 கி.மீ.தான்.

மலையடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். ஊரே கூடி மண் குதிரைகளைச் சுமந்து வரும் புரவி எடுப்புதான் இங்கே பெரிய திருவிழா. கோயிலை ஒட்டிப் படியேறினால் சமணர் மலை. ஆயிரம் வருஷத்துக்கு முன் சமணத் துறவிகள் தங்கிப் பாடம் சொன்ன பள்ளி இருந்த இடம். மலையின் இன்னொரு பக்கம், செட்டிப்புடவுக் குகையில் பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார்.

மேலே பேச்சிப்பள்ளத்தில் பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். அடியில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறதாம். ஆனைமலை, அழகர்மலையிலும் பெயர் பொறித்த பெரிய துறவி இந்த அச்சணந்தி. அந்த அம்மாள் பிள்ளையைத் துறவுக்குக் கொடுத்தவள்! என் பையனை ஹாஸ்டலில் விட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்காத எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும். குடிக்கத் தண்ணீர் மறக்காதீர்கள். முக்கியமாக, பிள்ளைகளைப் பாறையில் கிறுக்க விடாதீர்கள். சிலர் சாக்பீஸால் தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்க வேண்டிய பெயர் குணமதியாருடையதுதானே!