அச்சம் பறிக்கும் கவனம்

முதுமையில் நேரும் கவனப் பிசகுகள் அனைத்தையும் மூளைத் தேய்வின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் வீடுகளில் மட்டுமன்றி மருத்துவமனைகளிலும் வேரூன்றியிருப்பதால், அவற்றில் மனப்பதற்றத்துக்கு உள்ள பங்கு விசாரிக்கப்படாமலே போய்விடுகிறது. பதற்றம் என்பது கண்முன் நிற்கும் ஆபத்தால் அன்றி, நேரக்கூடும் என்று எண்ணப்படும் தீங்கால் எழும் கலக்கமாகும். மைக்கேல் ஐசென்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் முன்வைத்த கவனக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி, அக்கலக்கம் ஒருவர் தாமாக ஒரு குறிக்கோளை நோக்கிச் செலுத்தும் கவனத்தைத் தளர்த்தி, புறத்தூண்டல்கள் இழுத்த இழுப்புக்குப் போகும் கவனத்துக்கு வலுவூட்டுகிறது. வேண்டாதவற்றை மனத்துக்குள் விடாமல் தடுக்கும் ஆற்றல் வயது ஏற ஏறக் குறைகிறது என்று லின் ஹாஷரும் ரோஸ் சாக்ஸும் 1988இலேயே வாதிட்டிருந்தனர். ஆகவே கவலை புகும்போது முதியவரிடம் அதைத் தடுக்கும் வலு ஏற்கெனவே குன்றியிருக்கிறது.

இதன் கொடுமை மிகுதியாகத் தெரிவது நடையில்தான். ஒருமுறை விழுந்தெழுந்த முதியவர், அதுவரை தானாக நிகழ்ந்துவந்த அடியெடுப்பை ஒவ்வொன்றாக மனத்தால் கண்காணிக்கத் தொடங்குகிறார்; அக்கண்காணிப்புக்கே கவனம் செலவாகிவிடுவதால், எதிரே உள்ள படியோ ஈரத்தரையோ கண்ணில் பட்டும் கருத்தில் பதிவதில்லை. 1997இல் ஸ்வீடனின் உமேயோ நகர ஆய்வாளர்கள் 58 முதியோரோடு உடன் நடந்து பேச்சுக் கொடுத்தபோது, பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த 6 மாதங்களுக்குள் விழுந்தனர். அந்த ஆய்வு அச்சத்தை அளக்கவில்லை என்றாலும், முதுமையில் நடைக்கே எவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்பதை அது காட்டியது. அந்தக் கவனத்திலும் ஒரு பங்கை அச்சம் பறித்துக்கொண்டால், விழுந்துவிடுவோமோ என்ற பயமே விழுவதற்கு வழிசெய்துவிடக்கூடும்.

மருத்துவரின் அறையிலும் இதுவே நிகழ்கிறது. ஃபோல்ஸ்டீன் பெயரால் அறியப்படும், 1975இல் வெளியான மனநிலைச் சோதனையில் 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது கவனத்தை அளப்பதற்காகவே. ஆனால் தமக்கு மறதிநோய் வந்துவிட்டதோ என்ற நடுக்கத்தோடு, மகனோ மகளோ பார்த்திருக்க அமர்ந்திருப்பவர் 93, 86 என்று சொல்லித் திணறி நின்றால், அங்கே அளக்கப்பட்டது அறிவின் தேய்வா, அந்நேரத்துக் கலக்கமா என்று மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட இயலாது. கலக்கம் தணிந்த மற்றொரு நாளில் மீண்டும் சோதிப்பதே அம்முதியவருக்குச் செய்யத்தக்க நியாயம். கலக்கத்தைத் தணிப்பதற்கென்று டயஸிபாம், அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளை நீண்டகாலம் கொடுப்பதோ கவனத்தையே மழுங்கச்செய்து விழும் அபாயத்தையும் கூட்டுவதால், பேச்சுவழிச் சிகிச்சைக்கே முதலிடம் தரவேண்டும். ஏற்கெனவே அவற்றை உட்கொண்டுவருவோர், திடீரென நிறுத்துவது ஆபத்தானது என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்கவேண்டும்.