மறைந்து வரும் மின்னும் மறைந்து போகும் குரலும்

நாட்டார் பாடல் ஏட்டில் ஏறும்போது சொல் தங்கிவிடுகிறது, குரல் நழுவிவிடுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் தொகுத்து அளித்தமையாலேயே மலையகத் தோட்டப் பாடல்கள் பலவற்றின் சொற்கள் எஞ்சின. ஆயினும் தாலாட்டின் இழுவையையும் ஒப்பாரியின் விம்மலையும் எழுத்து ஏந்தவல்லதன்று. நக்கிள்ஸ் மலைச்சாரலில் மடுல்கெல்லயைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அக்குரல்களைப் பதியப் புகுவோர் ஒலிப்பதிவின் நுட்பத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெரிய ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டினால் லயத்து மூதாட்டியின் பாட்டு தொண்டையிலேயே நின்றுவிடும். சேலைத் தலைப்பிற் செருகத்தக்க சிற்றொலிவாங்கியே அங்கு ஏற்றது. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ற்றும் உருவாக்கிய எலெக்ட்ரெட் முறையின் வழிவந்தது அது. அதனுள் மின்னேற்றம் நிலையாகத் தங்கியிருப்பினும், உள்ளமைந்த சிறு திரான்சிஸ்ரருக்குச் சில வோல்ற்று மின் தேவை.

தரமான பதிவுக் கருவிகளோ 48 வோல்ற்று அளிப்பன. ஒலியைக் கொண்டுவரும் இரு கம்பிகளிலும் 6.8 கிலோ ஓம் தடைகளூடாக அது சமமாகச் சென்று, கவசக் கம்பி வழியே மீள்கிறது. இரு கம்பிகளுக்கிடையே அழுத்த வேறுபாடு இன்மையால் ஒலி பழுதுறுவதில்லை. இவ்வாறு ஒளிந்து வருதலின் அது 'பான்ரம்', அதாவது மாயவுரு, எனப் பெயர் பெற்றது. நொய்மன் நிறுவனம் 1966இல் நோர்வே வானொலிக்கென இதனை அமைத்தது. அங்கு அவசர விளக்குகளுக்காக 48 வோல்ற்று ஏற்கெனவே இருந்தமையே அவ்வளவுக்குக் காரணம்.

அதனைச் சிற்றொலிவாங்கிக்கு நேரே ஊட்டினால் ஒலிவாங்கி கெடக்கூடும். இடையே நிற்கும் பொருத்தியே அழுத்தத்தைத் தாழ்த்தி அளவாக ஊட்டுகிறது. எவ்வளவு தாழ்த்துவது என்பதே கவனிக்கற்பாலது. தாலாட்டுக்குப் போதுமான 2, 3 வோல்ற்று, மாசி மாதக் காமன் கூத்தின் தப்பொலிக்குப் போதாமற் போகலாம். உரத்த ஒலியின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். ஒலிவாங்கி தாங்கும் எல்லைக்குள் சற்று உயர்ந்த அழுத்தம் தரும் பொருத்தியே அங்கு உதவும். இம்மின்னூட்டம் கருவியின் மின்கலங்களையும் விரைவிற் தீர்க்கும். ஆதலின் மேலதிக மின்கலங்களின்றி இரவுக் கூத்துக்குச் செல்லலாகாது.

கிள்ளிய கொழுந்து மீண்டும் துளிர்க்கும். பாடியவரோடு போன மெட்டு துளிர்ப்பதில்லை. எனவே பாடுவோரின் இசைவைப் பெற்று, பெயர், தோட்டம், நாள் என்பவற்றைக் குறித்து, பதிவின் பிரதியொன்றை அவர்தம் வீட்டாரிடமும் கையளித்துத் திரும்புதல் பதிவாளரின் கடமையாகும்.