கிற்றாரை எறிய முதல் அதன் பலகையைப் பாருங்கள்

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டில் கிற்றார் வைத்திருக்கும் எல்லாருக்கும்.

கச்சான் காற்று தொடங்கி ஒரு மாதம் போனதும் ஒவ்வொரு வருடமும் எங்களிடம் ஒரே முறைப்பாடுதான் வரும். "சேர், கிற்றார் பழுதாப் போச்சு, கை வெட்டுது." கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் பிரெட்டுகளின் முனை ஊசி மாதிரிக் குத்தும். பிள்ளை இரண்டு கிழமை விட்டுப் பார்க்கும், பிறகு தொடாது. வாப்பாவோ அப்பாவோ கடன்பட்டு வாங்கிக் கொடுத்த சாமான் அலுமாரிக்கு மேலே போய்விடும். அதோடு அந்தப் பிள்ளையின் ஆசையும் போய்விடும்.

அந்தக் கிற்றார்களில் அனேகமானவை பழுதானவை அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் சங்கீத ஆசிரியர்கள் அல்ல. விஞ்ஞானமும் மரவேலையும் படிப்பிக்கிறவர்கள். பாடசாலைக் கிற்றார்களைப் பார்க்கும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்ததால் படித்துக்கொண்டவை இவை.

முதலில் ஏன் குத்துகிறது என்று பார்ப்போம். மரம் ஈரத்தை இழந்தால் அகலப்பாட்டில் சுருங்கும், நீளப்பாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. பிரெட் உலோகம். அது சுருங்காது. பலகை உள்ளே போக, உலோக முனை வெளியே நீட்டுகிறது. கார்த்திகையில் மாரி தொடங்கினால் பலகை திரும்ப ஊதும், குத்தல் குறையும். அடுத்த கச்சானில் மறுபடியும் வரும். ஆகவே காய்ந்த காலத்திலேயே, பலகையின் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன அரத்தால் முனைகளைச் சரிவாக ராவிவிட்டால் போதும். கை பழகிய ஓடாவி ஒருவருக்கு ஒரு பின்னேர வேலை. புதுக் கிற்றார் வாங்கத் தேவையில்லை.

அடுத்தது, உங்கள் பலகை என்ன மரம்? துடைப்பதும் எண்ணெய் போடுவதும் அதைப் பொறுத்தது.

மண்ணிறமாக, கிட்டப் பார்த்தால் சின்னச் சின்னத் துவாரக் கோடுகள் தெரிந்தால் அனேகமாக ரோஸ்வுட் அல்லது அதைப் போன்ற மரம். 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதனால் கம்பனிகள் வேறு மரங்களுக்கு மாறின. பெண்டர், மெக்சிக்கோவில் செய்யும் கிற்றார்களுக்குப் பாவ் பெரோ என்ற மரத்தைப் போட்டது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆகவே 'ரோஸ்வுட் இல்லை' என்பதால் மட்டும் அது கள்ளச் சாமான் ஆகிவிடாது.

வெளிர் மஞ்சளாக, மேலே பளபளப்பான வார்னிஷ் இருந்தால் மேப்பிள்.

கன்னங்கரேலென்று, துவாரங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால் கருங்காலி. இது நம் நாட்டுக் காட்டு மரமும்தான். மரம் முழுதும் கறுப்பில்லை, நடு வைரம் மட்டுமே கறுப்பு, வெளிப்பகுதி வெளிறிப்போய் இருக்கும். வைரத்தைத் தண்ணீரில் போட்டால் தாழும். அவ்வளவு பாரம். மெதுவாக வளரும் மரம், காட்டில் அனுமதியில்லாமல் வெட்ட ஏலாது. விலை குறைந்த கிற்றாருக்கு யாரும் அதைப் போட மாட்டார்கள்.

ஆனால் கடையில் சொல்வது வேறு. சாயம் போட்ட பலகையைக் கருங்காலி என்று சொல்லிக் காசை வாங்கியதை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். கண்டுபிடிப்பது லேசு. பலகையின் கடைசி முனையில், கண்ணில் படாத இடத்தில், சொட்டு எண்ணெய் தொட்ட வெள்ளைப் பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு நன்றாகப் பிடித்தால் சாயமாக இருக்கலாம். பிரெட்டுக்குக் கீழே கீறல் விழுந்த இடத்தில் வெளிர் மரம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. சாயம் போட்ட பலகையிலும் நல்லா வாசிக்கலாம். கருங்காலி விலை கொடுக்கத்தான் கூடாது.

இனிப் பராமரிப்பு.

வாசிக்க முதல் கையைக் கழுவுங்கள். வாசித்த பிறகு காய்ந்த பருத்தித் துணியால் கம்பியையும் பலகையையும் துடையுங்கள். வியர்வையும் வாவிக்கரை உப்புக் காற்றும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும், பிரெட்டில் பச்சைக் களிம்பு ஏறும்.

கம்பி மாற்றும்போது பலகையை லேசாக ஈரத் துணியால் துடைத்து உடனே காயத் துணியால் ஒற்றுங்கள். அழுக்கு இறுகியிருந்தால் மிக நயமான இரும்புப் பஞ்சால் மரத்தின் ஓட்டத்தோடு மெதுவாகத் தேய்க்கலாம். இலெக்ட்ரிக் கிற்றார் என்றால் பிக்கப்பை முதலில் மூடுங்கள், அதன் காந்தம் தூளை இழுத்துப் பிடித்துவிடும்.

வார்னிஷ் இல்லாத பலகைக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தரம் சில சொட்டு மினரல் ஒயில் தடவி, ஐந்து நிமிடத்தில் முழுதாகத் துடைத்துவிடுங்கள். மேப்பிள் வார்னிஷுக்கு எண்ணெயே வேண்டாம்.

'லெமன் ஒயில்' என்று கேள்விப்பட்டுத் தேசிக்காயைப் பிழிந்து விடாதீர்கள்! அது புளி, உலோகத்தையும் மரத்தையும் அரிக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம், நாள் போகச் சிக்குப் பிடித்து மணக்கும். எண்ணெய் ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். மரம் இழந்தது தண்ணீர்.

மரத்துக்கு நல்லது 45 முதல் 55 வீத ஈரப்பதன். மாரியில் நமக்கு அது கனவுதான். ஆனாலும் நனைந்த சுவரில் சாத்தாமல், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொதி இரண்டு போட்டு வைக்கலாம். கச்சானில் வெயில் படும் யன்னலும் முச்சக்கர வண்டியின் பின்பக்கமும் ஆகாது.

மட்டக்களப்புக்கு இதில் ஒரு உரித்து இருக்கிறது. நம் பறங்கியர் சமூகம் வயலினும் கிற்றாரும் கொண்டு கப்பிரிஞ்ஞாவை இன்றுவரை வைத்திருக்கிறது. அவர்களுக்குள் தச்சு வேலை பரம்பரைத் தொழிலும்கூட. 2004 டிசம்பர் 26 கடல் டச்பாரில் அவர்களிடமிருந்து எடுத்தது கொஞ்சமல்ல. மனிதர்கள் போன இடத்தில் வாத்தியத்தைப் பற்றிப் பேசுவது சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இருக்கிற வாத்தியம் கையில் இருந்தால்தான் அடுத்த பிள்ளை வாசிக்கும். அரம் பிடிக்கத் தெரிந்த கை இங்கே தமிழ், முஸ்லிம், பறங்கி வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு.

அலுமாரிக்கு மேலே இருப்பதை இறக்கிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பாடசாலை விட்ட பிறகு கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். காசு வேண்டாம். கம்பி மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.