நூற்றுக்கு எவ்வளவு?

தேடிவிட்டுக் காட்டிலிருந்து வெளியே வந்ததும், வரைபடத்தோடு வண்டியில் உட்கார்ந்திருப்பவர் ஆள் கிடைத்தாரா என்று கேட்பதில்லை. கிடைத்திருந்தால் வாக்கிடாக்கியிலேயே தெரிந்திருக்கும். "உங்கள் பகுதியில் அவர் இருந்திருந்தால், கண்ணில் பட்டிருக்க நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு?" என்பதுதான் அவருடைய கேள்வி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தேடல் மீட்புக் குழுவில் சேர்ந்த புதிதில், இது ஏதோ படிவம் நிரப்பும் சடங்கு என்று நினைத்திருந்தேன்.

இங்கே காட்டில் யாராவது தொலைந்தால் போலீஸ் அழைப்பது எங்களைத்தான். சம்பளம் கிடையாது; மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. எங்களில் தச்சர் உண்டு, நர்ஸ் உண்டு. நள்ளிரவில் போன் அடித்தால், 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் பையோடு கிளம்ப வேண்டும். பருத்தி உடை மட்டும் ஆகாது. நனைந்தால் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும்.

ஒரு நவம்பரில், மறதிநோய் உள்ள முதியவர் ஒருவரைத் தேடினோம். வரிசையாக நடப்போம். விசில் ஊதுவோம். பிறகு அத்தனை பேரும் அசையாமல் நின்று காது கொடுப்போம். மழைக்கோட்டு சரசரக்கவும் கூடாது. மழைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வந்து "எண்பது" என்றேன். பாதி களைப்பு, பாதி வெட்கம்: அரைகுறையாகத் தேடியவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. என் சொல்லை நம்பி ஆட்களை வேறு பக்கம் அனுப்பினார்கள்.

மறுநாள் மதியம் அவர் எங்கள் பகுதியிலேயே கிடைத்தார். விழுந்து கிடந்த செடார் மரத்தடியில், பெரணிப் புதருக்குள். உயிர் இருந்தது. ஆனால் அந்த எண்பதால் அவர் இன்னொரு ராத்திரி குளிரில் கிடந்தார்.

மறதிநோய் உள்ளவர்கள் எங்காவது சிக்கிக்கொள்ளும்வரை நடப்பார்கள், கூப்பிட்டாலும் பெரும்பாலும் பதில் தர மாட்டார்கள் என்பது பயிற்சியிலேயே சொன்னதுதான். தொலைந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களைத் தொகுத்து ராபர்ட் கோஸ்டர் 2008இல் எழுதிய புத்தகம் எங்கள் வகுப்பில் இருந்தது. சிறு பிள்ளைகள் தேட வருபவர்களுக்கே பயந்து ஒளிந்துகொள்வதும் உண்டு. இதெல்லாம் தெரிந்திருந்தும், பதில் வராத இடத்தை ஆளில்லாத இடம் என்று எண்ணிவிட்டேன்.

இப்போது சில அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். முன்னிருந்து பார்த்தால் வெறும் புதர். பின்னாலிருந்து அதே புதருக்குள் ஒரு குழி தெரியும். மண்டியிட்டு மரத்தடியில் டார்ச் அடிக்கிறேன். நடை மெதுவாகிவிட்டது. ஆகட்டும்.

போன மாதம், முதல் தேடலுக்கு வந்த பெண் ஒருத்தி, "முப்பத்தைந்து" என்றாள், தலையைக் குனிந்தபடி. சலால் செடி இடுப்புயரம் மண்டியிருக்கிறது, உள்ளே தெரியவில்லை என்றாள். வரைபடக்காரர் அந்தப் பகுதியை மறுபடி சிவப்பில் வட்டமிட்டு, மோப்ப நாயோடு அடுத்த குழுவை அங்கேயே அனுப்பினார். நானும் அவர்களோடு உள்ளே போனேன்.